நாற்பத்து மூன்று மூடி

அத்தியாயம் 7

போன வாரம் விசாரணையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். நோட்டு மட்டும் நிறைந்துவிட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. விசாரணை என்பது அவளுடைய பெயரல்ல, ஒட்டிக்கொண்டது. ஓர் ஆஸ்பத்திரியில், தலைக்கு மேல் ‘விசாரணை’ என்று பலகை மாட்டிய ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் அந்த இடத்தில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை வைத்து, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பலகையையும் கழற்றிவிட்டார்கள். பெயரைக் கழற்ற ஆளில்லை.

மாடியில் வீடு, கீழே கணவரின் ஹார்டுவேர் கடை. கடையின் முன்பாதி கொஞ்ச காலமாகக் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் நான் சொந்தமாக ஏதாவது செய்கிறேனே என்று கேட்டாள். அதே இடத்தைச் செல்போன் விற்கும் ஒருவர் வாடகைக்குக் கேட்டு நாலு தடவை வந்து போயிருந்தார். கடைசியில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஓர் உடன்பாடு. இரண்டு வாரம் கெடு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவள் உருப்படியாக ஒரு யோசனை சொன்னால் முன்பாதி அவளுக்கு, இல்லையென்றால் போன்காரருக்கு.

இன்றைக்கு அந்தச் சனிக்கிழமை.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. தையல் வகுப்பு என்றார்கள், அழகு நிலையம் என்றார்கள். நாத்தனார் போனிலேயே மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டாள். எல்லாம் யாரோ, எங்கேயோ செய்து ஓகோவென்று இருக்கிறார்களாம். விசாரணைக்கு மனம் ஒட்டவில்லை. ஜன்னலில் உட்கார்ந்த நாட்களில் அவளை அரித்த ஒரு விஷயம் உண்டு. ‘இல்லை’ என்று பதில் சொன்னதும் ஜனங்கள் முகம் வாடித் திரும்புவார்கள். திரும்பி எங்கே போவார்கள்? அவர்களுக்கு வேண்டியது யாரிடம் கிடைக்கும்?

அப்படிப் பிறந்ததுதான் ‘இல்லை நோட்டு’. கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களை ஒருவர் விடாமல் எழுத வேண்டும். அதுதான் சட்டம். பகலில் கணவர் எழுதுவார். மற்ற நேரத்தில் மாமனார். நோட்டு ராத்திரி மாடி ஏறும், காலையில் கீழே இறங்கும்.

இப்போது காலை எட்டு மணி. மாடியில் சமையலறை மேசைமேல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு விசாரணை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கணவர் எழுதிய பக்கங்களில் விஷயத்தைவிட வயிற்றெரிச்சல் அதிகம். ‘முகம் பார்க்கிற கண்ணாடி கேட்டார். நம்முடையது என்ன கண்ணாடிக் கடையா?’ ‘வழி கேட்டார்.’ ‘மறுபடியும் வழி.’ ‘பல்லியைக் கொல்லாமல் விரட்ட ஏதாவது இருக்கிறதா என்று ஓர் அம்மாள் அரை மணி நேரம்.’

மாமனார் எழுதியது வேறு மாதிரி. அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் எழுதியே பழகிய கை. இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு மூன்றாவது வார்த்தை செலவழிக்க மாட்டார். அவருடைய பக்கங்களில் ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது.

‘மூடி 6.10.’ ‘மூடி 5.50.’ ‘மூடி 6.40.’ ‘மூடி 7.05.’

விசாரணை முதலில் விரல்விட்டு எண்ணினாள். பிறகு பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள். நாற்பத்து மூன்று! இரண்டு வாரத்தில் நாற்பத்து மூன்று பேர் மூடி கேட்டு வந்து, இல்லையென்று போயிருக்கிறார்கள். மாமனார், பாவம், இஞ்ச் அளவுகூட விடாமல் கேட்டு எழுதியிருக்கிறார்.

அவளுக்குக் கை பரபரத்தது. சொந்தச் சமையலறையையே ஒரு சுற்றுப் பார்த்தாள். பாத்திரம் ஒன்பது, மூடி ஐந்து. அதிலும் இரண்டு, பொருந்தாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆடிக்கொண்டிருந்தன. மூடிகள் எல்லாம் எங்கேதான் போகின்றன? பாத்திரம் தொலைவதில்லை, மூடி மட்டும் எப்படித் தொலைகிறது? கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அந்த வீட்டம்மா ஒரு மருந்தகத்தில் வேலை பார்ப்பவள், கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

“அக்கா, உங்க வீட்டுல மூடி இல்லாத பாத்திரம் எத்தனை?”

“என்னடி காலங்காத்தால? விசாரணையா?”

“சொல்லுங்கக்கா. பெரிய விஷயம்.”

அவள் அலமாரியைத் திறந்து காட்டினாள். ஒரு பாத்திரத்தின் மேல் தட்டு, ஒன்றின் மேல் புத்தகம், இன்னொன்றின் மேல் பழைய காலண்டர் அட்டை.

“ஒண்ணுக்குக்கூட ஜோடி இல்லடி. நீ மட்டும் மூடி வித்தா, முதல் ஆளா நான் வந்து நிப்பேன்.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எழுதிய மாமனார் அடுத்த அறையில்தான் இருந்தார், செய்தித்தாளோடு. எட்டு அடி நடந்தால் கேட்டுவிடலாம். ஊரையே கேள்வி கேட்டுக் குடைகிறவள் அவரிடம் மட்டும் கேட்கவில்லை. தெளிவாக எழுதியிருப்பதைப் போய் யாராவது கேட்பார்களா?

“என்னங்க, கண்டுபிடிச்சுட்டேன்” என்று, தூக்கம் கலையாமல் பல் துலக்கிக்கொண்டிருந்த கணவரின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். “மத்தியானத்துக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் போன்காரருக்கு எதுவும் சொல்லிடாதீங்க.”

அவர் வாய் நிறைய நுரையோடு தலையை ஆட்டினார். ஆட்டியது எந்தப் பக்கம் என்று அவள் கவனிக்கவில்லை.

பாத்திர மொத்த வியாபாரியின் கிடங்கு சந்தைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் அடுக்கு அடுக்காக அலுமினியமும் எவர்சில்வரும் ஏறியிருந்தன. பின்பக்க மூலையில் அவள் தேடி வந்தது இருந்தது. வண்டியில் வரும்போது பாத்திரம் நசுங்கிப்போக, மூடி மட்டும் தப்பித்த அனாதைக் குவியல்.

“மூடி மட்டுமா? தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. இடம் காலியானா சரி. விக்கலைன்னா திருப்பிக் கொண்டாந்து போட்டுடுங்க” என்றார் வியாபாரி. இப்படி ஒருத்தி வருவாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

விசாரணை பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கடையிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தாள்.

“இதுல ஆறு புள்ளி பத்து எது?”

“என்னது?”

“ஆறு புள்ளி பத்து இஞ்ச். அப்புறம் ஆறு புள்ளி நாப்பது, அஞ்சு புள்ளி ஐம்பத்தஞ்சு.”

வியாபாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “அம்மா, அஞ்சரை இருக்கு, ஆறு இருக்கு, ஆறரை இருக்கு. ஆறு புள்ளி பத்துன்னு ஒரு மூடி உலகத்துலயே கிடையாது.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். விசாரணைக்கு முகம் மலர்ந்தது. அதனால்தானே கிடைக்காமல் அலைந்து நம்ம கடைக்கு வந்திருக்கிறார்கள்! ஒன்றே ஒன்று மட்டும் உறுத்தியது. பட்டியலில் ஆறு புள்ளி ஐம்பத்தெட்டு இருந்தது. அதற்கு அடுத்தது நேரே ஏழு. ஆறு புள்ளி அறுபது, எழுபது, எண்பது எதுவும் கிடையாது. ஜனங்கள் ஏன் அந்த அளவில் சமைப்பதில்லை? அதைப் பிறகு யோசிக்கலாம் என்று ஒத்திப் போட்டாள்.

கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி நாற்பத்து மூன்றைப் பொறுக்கி இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு.

கடைக்காரரான கணவர் வழக்கத்துக்கு மாறாக எழுந்து வந்து சாக்கை இறக்கினார். டீ குடிக்கிறாயா என்று கேட்டார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவள் கண்ட அனுபவம், இவர் இவ்வளவு மரியாதையாக இருந்தால் எங்கேயோ எதையோ உடைத்திருக்கிறார் என்பது. ஆனால் இன்றைக்கு அதையும் விசாரிக்க அவளுக்கு நேரமில்லை.

முன்பாதியில் மேசையைத் துடைத்து, மூடிகளை அளவு வாரியாக வரிசை கட்டினாள். வெயில் பட்டதும் மேசையே பளபளவென்று ஆகிவிட்டது.

குழாய் வேலைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். அந்தத் தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“ஒரு எல்போ குடுங்கண்ணே, முக்கால் இஞ்ச்” என்று குழாய் வளைவு ஒன்றைக் கேட்டு வாங்கியவர், மேசையைப் பார்த்து நின்றுவிட்டார். “என்னக்கா, பாத்திரக் கடை ஆயிடுச்சா?”

“மூடிக் கடை. நாப்பத்தி மூணு பேர் கேட்டிருக்காங்க, தெரியுமா?”

“இந்தக் கடையிலயா? யாரு?”

அப்போதுதான் மத்தியானத் தூக்கம் முடிந்து மாமனார் டைம் கீப்பர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்று மேசையைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

“எதுக்கும்மா இவ்வளவு மூடி?”

“நீங்க எழுதினதுதான் மாமா.”

“நானா?”

“இதோ பாருங்க.” நோட்டைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். “மூடி, ஆறு புள்ளி பத்து. மூடி, அஞ்சு புள்ளி ஐம்பது. நாப்பத்தி மூணு.”

டைம் கீப்பர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கடை மூடி இருந்துச்சும்மா.”

“என்ன மாமா?”

“ஆறு பத்துக்கு ஒருத்தர் வந்தாரு. கடை மூடி இருந்துச்சு. போயிட்டாரு. ‘மூடி, 6.10.’ பால்கனில டீ குடிக்கிறப்ப பாத்துப் பாத்து எழுதினேன். நீதானே சொன்னே, வெறுங்கையோட போறவங்களை ஒருத்தர் விடாம எழுதணும்னு?”

முதலில் சிரித்தவர் குழாய்க்காரர். அடக்கப் பார்த்து, முடியாமல், கையிலிருந்த எல்போவைக் கீழே போட்டுவிட்டார். கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய முதுகு குலுங்கியது. விசாரணைக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்பு ஜெயித்தது. உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

“அதான் ஆறு அறுபது இல்லை!” என்றாள்.

சிரிப்பு பாதியிலேயே நின்றது. நோட்டை மறுபடியும் பிடுங்கிக்கொண்டாள்.

“மாமா. அப்ப இந்த நாப்பத்தி மூணு பேரும் நிஜமா வந்தாங்களா?”

“பின்னே? பொய் டைம் போட்டு எனக்குப் பழக்கமில்லை.”

“யார் யாரு?”

“பெயின்ட் அடிக்கிறவங்க ரெண்டு பேரு. கரண்ட் வேலை செய்யறவரு. ஒரு பொம்பளை, புடவையெல்லாம் நனைஞ்சு, கைல உடைஞ்ச குழாயோட வந்துச்சு. பள்ளிக்கூட வாட்ச்மேன், துருப்பிடிச்ச பூட்டோட. அப்புறம்...” அவர் கையை நீட்டினார். “இவரு.”

குழாய்க்காரர் சிரிப்பை விழுங்கினார். “நான் அஞ்சு தடவையாவது வந்திருப்பேன்க்கா. ஒரு வாஷர் இல்லேன்னா அந்த வீட்டு வேலையே நிக்கும். ஒன்பதரைக்கு நீங்க திறக்கற வரைக்கும் அந்த வீட்டுக்காரங்க எங்க காத்திருப்பாங்க? ஆபீசுக்குப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. வேலை மறுநாளைக்குப் போயிடும். அவங்களுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம்.”

“ஏன் இத்தனை நாள் சொல்லலை?” என்றார் கடைக்காரர்.

“யாருகிட்டண்ணே சொல்றது? ஷட்டர்கிட்டயா?”

விசாரணை நோட்டை மறுபடியும் பார்த்தாள். திறந்திருக்கிற கடைக்கு வருகிறவர்களைத்தானே கடைக்காரனுக்குத் தெரியும்? மூடிய கடைக்கு வந்தவர்களை யார் பார்த்தது? இந்தத் தெரு முழுக்க ஒன்பதரைக்குத் திறக்கிறது, எல்லோரும் திறக்கிறார்கள் என்பதற்காக எல்லோரும் அப்போதுதான் திறக்கிறார்கள்.

“என்னங்க, கிடைச்சுடுச்சு” என்றாள். “காலைல அஞ்சே முக்காலுக்குத் திறக்கறேன். நான் திறக்கறேன், நீங்க தூங்குங்க. வேலைக்குப் போறவங்களுக்கு உடனே வேணுங்கறது மட்டும் முன்னாடி மேசையில. வாஷர், டேப், ஃபியூஸ், ஆணி, பிரஷ். ஒன்பதரை வரைக்கும் என் கடை. அப்புறம் உங்க கடை.”

கடைக்காரர் குனிந்து, கீழே கிடந்த எல்போவை எடுத்தார். அதைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். எல்போவை யாரும் காகிதத்தில் சுற்றுவதில்லை.

குழாய்க்காரர் சூழ்நிலை தெரிந்தவர். வாங்கிக்கொண்டு நழுவிவிட்டார்.

“என்னங்க?”

“காலைல அவர் போன் பண்ணினாரு.”

“யாரு?”

“போன்காரர். இன்னைக்கே பதில் சொல்லலேன்னா வேற இடம் பாத்துடுவேன்னாரு. நான்... சரின்னு சொல்லிட்டேன்.”

விசாரணைக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. வலித்தது. சாயங்காலம் வரைக்கும் என்று சொன்னது அவர் வாய்தான்.

“நான் தோத்துடுவேன்னு அவ்வளவு நிச்சயமா உங்களுக்கு?”

“அப்படி இல்லை. பயம். கைல வந்தது போயிடுமோன்னு பயம்.” அவர் தலையை நிமிர்த்தவில்லை. “அதுவுமில்லாம, முன்பக்கம் அவருக்குன்னா ஷட்டர் சாவியும் அவருக்குத்தான். நாம பக்கத்துச் சந்துக் கதவு வழியா வரணும். அந்தக் கதவை யாருக்குத் தெரியும்? காலைல திறந்தும் பிரயோஜனமில்லை.”

விசாரணை மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

ஐந்து மணிக்குப் போன்காரர் வந்தார். சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. கூடவே ஒரு தச்சர், அளவெடுக்க. முன்பாதியின் நீள அகலத்தைத் தச்சர் சொல்லச் சொல்ல இவர் குறித்துக்கொண்டார்.

விசாரணை ஒதுங்கி நின்று பார்த்தாள். நிற்கத்தான் நினைத்தாள். வாய் சும்மா இருக்கவில்லை.

“நீங்க கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”

“பத்து மணிக்கு மேடம்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி யாரு போன் வாங்க வருவா?” என்று சிரித்தார்.

“அப்ப பத்து மணி வரைக்கும் இந்த இடம் சும்மாதானே இருக்கும்?”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய குரல் அவருக்குத் தெரியும். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வரும் குரல் அது.

“இவர் உங்களுக்குப் பாதி இடத்தைக் குடுத்துட்டாரு. அதை நான் திருப்பிக் கேக்கலை” என்றாள். “காலை நேரத்தை மட்டும் எனக்குக் குடுங்க. ஒரே ஒரு மேசை, சக்கரம் வெச்சது. அஞ்சே முக்காலுக்குத் தள்ளிக்கிட்டு வருவேன், ஒன்பதரைக்குள்ள உள்ள தள்ளிடுவேன். உங்க கண்ணாடி அலமாரியெல்லாம் பூட்டியே இருக்கட்டும். நீங்க வர்றப்ப இடம் கூட்டித் துடைச்சு, ஒரு ஆணிகூடக் கீழ கிடக்காது. அது என் பொறுப்பு.”

போன்காரர் வியாபாரி. முடியாது என்று சொல்வதற்கு முன்னால் அவருக்கும் ஒரு கேள்வி எழுந்தது.

“ஆறு மணிக்கு யாரும்மா வருவா?”

அவள் நோட்டை நீட்டினாள். டைம் கீப்பர் பக்கத்தில் வந்து நின்று, எந்த நேரத்துக்கு யார் வந்தார் என்று விளக்கினார். போன்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருடைய சிரிப்பு குறைந்து, கவனம் கூடியது.

“எழுத்துல நல்லாத்தான் இருக்கு” என்றார் கடைசியில். “நான் கண்ணால பாத்தாத்தான் நம்பற ஆளு. நாளைக்குக் காலைல வரேன். எனக்கு இருக்கற ஒரே ஓய்வு அதுதான், திங்கட்கிழமை தச்சு வேலை ஆரம்பிச்சுடும். அஞ்சே முக்கால்லேருந்து ஏழு வரைக்கும் இங்கயே நிக்கறேன். மூணு பேர் வந்தாப் போதும். ஷட்டர் சாவி ஒண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும். வரலேன்னா இந்தப் பேச்சை விட்டுடணும், சரியா?”

“சரி” என்றாள் விசாரணை, மூச்சு விடாமல்.

அவர் போன பிறகுதான் டைம் கீப்பர் தொண்டையைச் செருமினார்.

“அம்மா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை.”

விசாரணை சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமைல சர்வீஸ் கம்மிம்மா” என்றார் அவர், டிப்போ பாஷையில், ரொம்ப வருத்தத்தோடு.

விசாரணைக்கு நோட்டைத் திறந்து பார்க்கத் தேவைப்படவில்லை. பெயின்ட் அடிக்கிறவர்களுக்கும் கரண்ட் வேலைக்காரருக்கும் நாளைக்கு விடுமுறை. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்.

கடைக்காரர் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். “குழாய்க்காரர் நம்பர் என்கிட்ட இருக்கு. அவரையும், அவர்கூட ரெண்டு பேரையும் வரச் சொல்லிடறேன். மூணு பேர்தானே? எனக்காக வருவாரு.”

அவர் செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. மனம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

“வேண்டாங்க. வரச் சொல்லி வந்தா அது வாடிக்கையா? நாளைக்குப் போன்காரரை ஏமாத்திடலாம். நாளான்னைக்கு நான் யாரை ஏமாத்தறது?”

“அப்ப யாரும் வரலேன்னா?”

“வரலேன்னா வரலைன்னு தெரிஞ்சுக்கறேன். எனக்கே தெரியணுங்க, வருவாங்களா மாட்டாங்களான்னு.” கையை நீட்டினாள். “சாவி.”

அவர் இடுப்பிலிருந்து ஷட்டர் சாவியை எடுத்தார். பதினாறு வருடத்தில் அந்தச் சாவி அவருடைய இடுப்பை விட்டு வேறு கைக்குப் போனதில்லை. அவள் உள்ளங்கையில் வைத்தவர், உடனே கையை எடுக்கவில்லை.

“அஞ்சரைக்குத்தானே எழுந்திரிப்பே?”

“அஞ்சுக்கு.”

சூரியோதயம் என்பதைக் கடைக்காரர் படத்தில் பார்த்ததோடு சரி.

“என்னையும் எழுப்பு” என்றார்.